எமியுலேற்றர் மென்பொருளும் பொது இடைமுகத்தின் வரலாறும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

கலை இலக்கியத் துறையில் உருவம், உள்ளடக்கம் ஆகியன பற்றிய விவாதம் நமக்குப் புதியதன்று. உள்ளடக்கமே முதன்மையானது என்போரும், உருவமே கலைக்கு உயிர் என்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். ஆயினும், ஓர் ஆக்கம் எவ்வழியாக, எவருடைய அனுமதியோடு மக்களைச் சென்றடைகின்றது என்னும் வினா இவ்விவாதங்களிற் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. உருவம் அழகியற் பிரச்சினையாக இருப்பதோடு உடைமைப் பிரச்சினையாகவும் இருக்கின்றது. இதனை இலக்கியத்துக்குப் புறத்தே, கணினி மென்பொருள் உற்பத்தியின் ஒரு சிறு கிளையை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமியுலேற்றர் எனப்படுவது ஒரு கணினியை வேறொரு கணினியைப்போல் இயங்கச் செய்யும் மென்பொருள். பழைய பொறியொன்றுக்கென எழுதப்பட்ட நிரலின் கட்டளைகளை வாசித்து, அப்பொறியில் அவை எவ்விளைவைத் தந்திருக்குமோ அவ்விளைவைப் புதிய பொறியில் ஏற்படுத்துவது அதன் பணியாகும். இப்பணியை ஆற்றும் பகுதியை நாம் 'கரு' என்போம். அக்கருவைப் பயனாளர் கையாளுவதற்கென அமைந்த சாளரம், பட்டியல், பொத்தான் ஆகியவற்றின் தொகுதியே இடைமுகம். மூலநிரலை எவரும் வாசிக்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை தருவது திறந்த மூல மென்பொருள். இவ்வகை எமியுலேற்றர்களின் வரலாற்றைக் கூறுவோர் கருவை ஆக்கியோரையே பெரிதும் போற்றுவர்; இடைமுகத்தை ஆக்கியோர் அடிக்குறிப்பில் இடம்பெறுவதும் அரிது. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய வெவ்வேறு இயங்குதளங்களில் ஒரே வகையாக இயங்கத்தக்க பொது இடைமுகம் இத்துறையில் நிலைபெறுவதற்கு ஏன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன என்று நாம் கேட்போமாயின், அதற்கான விடையைத் தொழில்நுட்பத்தில் மட்டும் தேடுதல் இயலாது.

2

எமியுலேற்றர் பொழுதுபோக்காளரின் கண்டுபிடிப்பன்று. அது பெருநிறுவனப் போட்டியின் விளைபொருள். 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் தனது 200 என்னும் கணினியை அறிமுகப்படுத்தியது. ஐ.பி.எம். 1401 கணினிக்காக எழுதப்பட்ட நிரல்களைத் தன் பொறிக்கு மாற்றித்தரும் மென்பொருளொன்றையும் உடன் வழங்கியது. அம்மென்பொருளுக்கு விடுதலையாளன் என்னும் பொருள்படும் 'லிபரேற்றர்' என்ற பெயர் இடப்பட்டிருந்தமை கவனத்துக்குரியது. 1964 ஏப்ரல் 7ஆந் திகதி ஐ.பி.எம். தனது 'சிஸ்டம்/360' வரிசையை அறிவித்தது. இப்புதிய வரிசையின் கட்டமைப்பு 1401இன் கட்டமைப்பினின்றும் முற்றிலும் வேறானது. பழைய நிரல்களை இழக்க நேர்ந்தால் வாடிக்கையாளர் போட்டியாளரிடம் செல்வர் என்பதை நிறுவனம் உணர்ந்திருந்தது. ஆகவே, பழைய பொறியின் கட்டளைகளைப் புதிய பொறி ஏற்றுச் செயற்படுத்துவதற்கான நுண்நிரல்கள் அதனுள்ளேயே அமைக்கப்பட்டன. எமியுலேற்றர் என்னும் சொல்லும் ஐ.பி.எம். பொறியியலாளரிடையே இக்காலப்பகுதியில் உருவானதே.

பொறியில் உறைந்திருப்பது கடந்தகால உழைப்பு என்றும், உயிருள்ள உழைப்பு தீண்டும்போதே அது பயன்தரும் என்றும் மார்க்ஸ் விளக்கினார். நிரலுக்கும் இது பொருந்தும். பொறி மாறும்போது நிரலில் உறைந்த உழைப்பு பயனற்றுப்போகும் அபாயம் தோன்றுகின்றது. எமியுலேற்றர் அவ்வுழைப்பை மீட்டெடுக்கும் சாதனம். 1964இல் அம்மீட்பு மூலதனத்தின் தேவையாக இருந்தமையால் அது சிறந்த பொறியியலெனப் பாராட்டப்பட்டது. பின்னாளில் அதே மீட்பை ஊதியம் பெறாத தன்னார்வலர் மேற்கொண்டபோது அது வேறு பெயர்களால் அழைக்கப்பட்டது.

3

1997 பெப்ரவரி 5ஆந் திகதி இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்னும் எமியுலேற்றரின் முதற் பதிப்பை வெளியிட்டார். நாணயமிட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகளை ஒரே மென்பொருளினுள் மீள இயக்குவது அதன் குறிக்கோள். அப்பொறிகளின் நிலையை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். அவற்றின் நிரல்கள் சுற்றுப்பலகைகளில் பொருத்தப்பட்ட சில்லுகளில் மட்டுமே இருந்தன. காலப்போக்கிற் சில்லுகள் பழுதடையும். சில பலகைகளில் நிரல் மறைகுறியாக்கப்பட்டு, அதனைத் திறக்கும் சாவி மின்கலத்தினால் இயங்கும் நினைவகத்தில் வைக்கப்பட்டிருந்தது. மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும், பொறியும் செத்துவிடும். பிரதி செய்வதைத் தடுக்க விரும்பிய நிறுவனங்கள் பண்டத்தினுள்ளேயே அதன் மரணத்தையும் வைத்துக் கட்டின எனலாம். இத்தகைய சூழலில் தன்னார்வலர் ஆற்றிய பணி ஆவணப் பாதுகாப்புப் பணியே.

ஆனால், மேம் தொடக்கத்தில் டொஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. பயனாளர் விளையாட்டின் குறும்பெயரையும் வேண்டிய தெரிவுகளையும் கட்டளை வரியில் தட்டச்சுச் செய்தல் வேண்டும். இயந்திரங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கிற் பெருகியபின் இம்முறை நிபுணருக்கு மட்டுமே உகந்ததாயிற்று. ஆகவே கருவுக்கு வெளியே, வேறு கைகளினால், 'முன்முகங்கள்' பல எழுந்தன. விண்டோசுக்கு மேம்32 தோன்றியது. யூனிக்ஸ் வகைத் தளங்களுக்கு எக்ஸ்மேம் தோன்றியது. பிற்காலத்தில் கியூ.எம்.சி.2 என்னும் முன்முகம், 'கியூட்' என்ற கருவித்தொகுதியைக் கொண்டு மூன்று தளங்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. மேம் தன்னிடமுள்ள இயந்திரங்களின் முழு விவரத்தையும் நீண்ட பட்டியலாக வெளியிடும். முன்முகம் அப்பட்டியலை வாசித்து, வகைப்படுத்தி, பயனாளருக்குக் காட்டி, அவர் தெரிந்தெடுத்ததை மீண்டும் கட்டளை வரியாக்கிக் கருவுக்கு அனுப்பும். பயனாளரின் கண்முன் சாளரம் இருந்ததாயினும், அதன் பின்னால் தட்டச்சுச் செய்பவர் ஒருவரே அமர்ந்திருந்தார் என்று கூறலாம்.

இப்பிரிவினை தற்செயலானதன்று. பாதுகாத்தலே தமது முதல் நோக்கமெனவும், விளையாடக் கூடியதாக இருத்தல் அதன் உபவிளைவெனவும் மேம் திட்டத்தினர் கருதினர். பயன்பாடு இரண்டாந்தரமானது என்று கொண்டால், பயன்பாட்டுக்கு வழிசெய்யும் உழைப்பும் இரண்டாந்தரமாகவே மதிக்கப்படும். மூளை உழைப்புக்கும் கை உழைப்புக்கும் இடையில் வர்க்க சமுதாயம் வகுத்த ஏற்றத்தாழ்வு, தன்னார்வலர் சமூகத்தினுள்ளும் கருவுக்கும் முகத்துக்கும் இடையில் மறுபிறவி எடுத்தது. நடைமுறை விளைவும் உடன் வந்தது. கரு மாறும்போதெல்லாம் முன்முகம் அதனைத் துரத்திச் செல்ல வேண்டியிருந்தது. முன்முகத்தைப் பேணும் ஒருவர் களைத்து விலகினால் அம்முகமும் மறைந்தது. வெளியே ஆக்கப்பட்ட விரிவான தெரிவுப் பட்டியலொன்று 2016இல் மேம் திட்டத்தினுள்ளேயே இணைக்கப்பட்டமை இம்முரண்பாட்டின் பகுதித் தீர்வாகும். வணிகப் பயன்பாட்டைத் தடைசெய்த தனது பழைய உரிமத்தைக் கைவிட்டு, பங்களித்தோரின் இசைவைப் பெற்று, மேம் முழுமையான திறந்த மூல மென்பொருளானதும் அதே ஆண்டிலேயே.

4

முகங்கள் ஏன் தளத்துக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன? இதற்கு விடைகாண, சாளரம் என்பதன் உடைமை வரலாற்றை நோக்குதல் வேண்டும். வரைகலை இடைமுகம் 1973இல் செரொக்ஸ் ஆய்வுகூடத்தின் 'அல்ரோ' கணினியில் உருப்பெற்றது. 1984இல் அப்பிளின் மெக்கின்ரோஷும் 1985இல் மைக்ரோசொப்டின் விண்டோசும் அதனைப் பண்டமாக்கின. 1984இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர முறைமை யூனிக்ஸ் கணினிகளில் பரவியது. 1988இல் அப்பிள் மைக்ரோசொப்டின்மீது வழக்குத் தொடுத்து, சாளரத்தின் தோற்றத்துக்கே உரிமை கோரியது. 1994இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. எனினும் ஒவ்வொரு தளத்திலும் சாளரத்தைத் திறக்கும் கட்டளைகள் வெவ்வேறாகவே இருந்தன. ஒரு தளத்துக்கு எழுதப்பட்ட இடைமுகம் மற்றத் தளத்தில் முதலிலிருந்து எழுதப்பட வேண்டியிருந்தது. யூனிக்ஸ் உலகில் வழங்கிய 'மோட்டிஃப்' என்னும் கருவித்தொகுதிக்கோ விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இத்தடையைக் கடக்க மூன்று முயற்சிகள் எழுந்தன. 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய திட்டம் பிற்காலத்தில் டபிள்யூ.எக்ஸ். விட்ஜெற்ஸ் எனப் பெயர்பெற்றது. அவ்வத் தளத்தின் சொந்தப் பொத்தான்களையே பொதுவான ஒரு போர்வையால் மூடித் தருவது அதன் முறை. கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்தில் 'கிம்ப்' என்னும் ஓவிய மென்பொருளை ஆக்கிய மாணவர் இருவர் மோட்டிஃபைக் கைவிட்டு ஜி.ரி.கே. என்ற சொந்தத் தொகுதியை எழுதினர். மூன்றாவது, நோர்வேயில் பிறந்த கியூட். 1990இல் ஹாவார்ட் நோர்ட், ஐரிக் ஷாம்ப-எங் ஆகிய இருவரும் மருத்துவ மீயொலிப் படங்களுக்கான தரவுத்தள மென்பொருளொன்றில் பணிபுரிந்தபோது, அது யூனிக்ஸ், மாக், விண்டோஸ் மூன்றிலும் இயங்க வேண்டுமென்ற தேவை எழுந்தது. அத்தேவையிலிருந்து கியூட் உருவாயிற்று. 1995 மே 20ஆந் திகதி அதன் முதற் பதிப்பு வெளிவந்தது.

கியூட்டின் முறை நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. அது பெரும்பாலும் பொத்தான்களைத் தானே வரைந்து, அவ்வத் தளத்தின் பொத்தான்களைப்போல் தோன்றச் செய்கின்றது. அதாவது, எமியுலேற்றரின் கரு பழைய பொறியைப் போலச்செய்ய, அதன் முகம் இயங்குதளத்தைப் போலச்செய்கின்றது.

ஆனால், கியூட் ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. 1996 ஒக்ரோபரில் லினக்சுக்கான கே.டி.ஈ. என்னும் மேசைச்சூழல் கியூட்டைக் கொண்டு தொடங்கப்பட்டபோது, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பொதுநிலத்தில் எழுப்பப்படும் வீட்டின் அத்திவாரம் தனியாருக்குச் சொந்தமாக இருத்தலாகாது என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். 1997 ஓகஸ்ரில் ஜி.ரி.கே.யை அடிப்படையாகக் கொண்டு 'க்னோம்' என்ற மாற்றுத் திட்டம் தொடங்கப்பட்டது. இப்போட்டியின் நெருக்குதலினால் கியூட்டின் உரிமம் படிப்படியாகத் தளர்ந்தது. 2000 செப்ரெம்பரில் யூனிக்ஸ் வகைத் தளங்களிலும், 2003இல் மாக்கிலும், 2005 ஜூனில் விண்டோசிலும் அது ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. 2008இல் நொக்கியா நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. 2009 மார்ச்சில் உரிமம் மேலும் தளர்த்தப்பட்டது. பொதுமக்களின் பெரும்பாலானோர் விண்டோசையே பயன்படுத்திய காலத்தில், 2005 வரை, விலை கொடாமல் கியூட்டைக் கொண்டு அவர்களுக்கு ஒரு கட்டற்ற எமியுலேற்றர் முகத்தை ஆக்கித் தருதல் எளிதாக இருக்கவில்லை. தளந்தோறும் தனித்தனி முகங்கள் எழுந்தமைக்கு ஆக்கியோரின் ஒற்றுமையின்மையைக் காரணங்காட்டுவோர் இவ்வுற்பத்திச் சாதனப் பிரச்சினையைக் காணத் தவறுகின்றனர்.

5

இவ்வரலாறு முழுவதையும் தன்னுள் சுருக்கிக் காட்டும் எடுத்துக்காட்டாக 'டொல்பின்' எமியுலேற்றரைக் கொள்ளலாம். யப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2001இல் வெளியிட்ட கேம்கியூப் பொறியை இயக்கும் இம்மென்பொருள் 2003இல் வெளிவந்தது. அப்போது அது மூடிய மூலமுடையது; விண்டோசுக்கு மட்டும் உரியது. 2008 ஜூலையில் அதன் மூலநிரல் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ்த் திறந்துவிடப்பட்டது. அதன்பின் லினக்ஸ், மாக் தளங்களைச் சேர்ந்தோர் அதில் இணைந்தனர். டபிள்யூ.எக்ஸ். விட்ஜெற்ஸ் அதன் முகத்துக்கு அடிப்படையாயிற்று. கேம்கியூப்பின் மையச் செயலி ஐ.பி.எம். ஆக்கியது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்: 1964இல் எமியுலேற்றரைப் பிறப்பித்த நிறுவனத்தின் சில்லே, நாற்பதாண்டு கழித்துத் தன்னார்வலரின் எமியுலேற்றருக்குப் பொருளாயிற்று.

இத்தகைய மென்பொருளுக்கு முகம் அமைத்தல் எளிய அலங்கார வேலை என எண்ணுதல் தவறு. செக்கனுக்கு 60 படங்கள் வரையப்பட வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 17 மில்லிசெக்கன். அவ்விடைவெளியினுள் செயலியின் கட்டளைகளும் வரைகலையும் ஒலியும் நிறைவேறுதல் வேண்டும். முகமோ பயனாளர் எப்போது எப்பொத்தானை அழுத்துவார் எனக் காத்திருக்கும் இயல்புடையது. இரண்டையும் ஒரே இழையில் ஓடவிட்டால், பட்டியலைத் திறக்கும்போது ஒலி அறுந்துபோகும். வெவ்வேறு இழைகளில் ஓடவிட்டால், ஒன்று மாற்றும் அமைவை மற்றது பாதியில் வாசித்துவிடாதவாறு காத்தல் வேண்டும். விளையாட்டுக் கைப்பிடிகள், பல திரைகள், நுண்தெளிவுத் திரையில் எழுத்தின் பருமன் ஆகிய ஒவ்வொன்றும் தளத்துக்குத் தளம் வேறுபடும்.

தளத்தின் சொந்தப் பொத்தான்களைப் போர்த்தித் தரும் முறையில், ஒரே நிரல் மூன்று தளங்களில் மூன்று விதமாக நடந்துகொள்வது தவிர்க்க இயலாதது. ஆகவே டொல்பின் திட்டத்தினர் கியூட்டுக்கு மாற முடிவு செய்தனர். முதல் முயற்சி தேங்கிப்போயிற்று. இரண்டாவது முயற்சிக்கு 'டொல்பின்கியூட்2' என்றே பெயரிடப்பட்டது. அப்பெயரிலுள்ள எண் ஒரு தோல்வியின் நினைவுச் சின்னம். இடைக்காலத்தில் பழைய முகமும் புதிய முகமும் அருகருகே வாழ்ந்தன. புதிய அமைவொன்றைச் சேர்ப்பவர் அதனை இருமுறை, இரு முகங்களிலும், எழுத வேண்டியிருந்தது. சிறு உரையாடற் பெட்டிகள் ஒவ்வொன்றாக மீள எழுதப்பட்டன. 2018இல் பழைய முகம் நீக்கப்பட்டது. செய்தித்தாளில் இடம்பெறாத இவ்வுழைப்பே ஒரு கூட்டுப் படைப்பைப் பொதுமக்களின் உடைமையாக்கியது. பிளேஸ்ரேஷன் 2 பொறிக்கான பி.சி.எஸ்.எக்ஸ்.2 எமியுலேற்றரும் இதே பாதையிற் சென்று, 2024 ஜூலையில் வெளியிட்ட 2.0 பதிப்பைக் கியூட் முகத்துடன் தந்தது.

வேறொரு வழியும் உண்டு. 2010இல் தொடங்கி 2012இல் ரெட்ரோஆர்ச் எனப் பெயர்மாற்றம் பெற்ற திட்டம், கருக்கள் அனைத்தும் ஒரே பொது ஒப்பந்தத்தின் வழி முகத்துடன் உரையாடும் ஏற்பாட்டை உருவாக்கியது. பட்டியலையும் அது விளையாட்டுப் படம்போலத் தானே வரைந்தது. அதனால் தொலைக்காட்சி, கைபேசி, கணினி எதிலும் ஒரே முகம் தோன்றிற்று. ஆயினும் மேசைக் கணினிப் பயனாளருக்கு அது பழக்கமற்றதாக இருந்தமையால், 2018இல் அத்திட்டமும் கியூட்டினாலான சாளரமொன்றைச் சேர்த்தது. மக்களின் பழக்கம் என்பதும் ஒரு பொருளாயத விசையே என்பதற்கு இது சான்று.

பொது இடைமுகத்தின் இன்னொரு பயனையும் குறிப்பிடுதல் தகும். முகத்தில் தோன்றும் சொற்கள் நிரலினின்றும் பிரிக்கப்பட்டுத் தனிக்கோப்புகளில் வைக்கப்படுவதால், அவற்றை எம்மொழியினரும் எவரையும் கேளாமல் மொழிபெயர்க்கலாம். கே.டி.ஈ. மேசைச்சூழலின் தமிழாக்கம் இவ்வாறு தன்னார்வலரால் ஆனதே.

6

மூலதனம் இவ்வளர்ச்சியை எவ்வாறு எதிர்கொண்டது? 1999இல் சோனி நிறுவனம், தனது பிளேஸ்ரேஷன் பொறியை மாக் கணினியில் இயக்கும் எமியுலேற்றரை விற்ற கொனெக்ரிக்ஸ் நிறுவனத்தின்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2000 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொனெக்ரிக்சுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு சோனி அம்மென்பொருளை விலைக்கு வாங்கி, அதன் விற்பனையை நிறுத்தியது. நீதிமன்றில் பெறமுடியாததைச் சந்தையிற் பெற்றது.

2018 டிசம்பரில் அதே சோனி, 'பிளேஸ்ரேஷன் கிளாசிக்' என்னும் சிறு பொறியை விற்பனைக்கு விட்டது. அதனுள் பழைய விளையாட்டுகளை இயக்கியது பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆம்ட் என்னும், தன்னார்வலர் ஆக்கிய ஜி.பி.எல். உரிம எமியுலேற்றர். உரிமம் இதனை அனுமதிக்கின்றது; சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் நிகழ்ந்தது யாது? கரு பொதுவுடைமையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன்மேல் நிறுவனத்தின் முகம் பொருத்தப்பட்டது. முகத்துக்கே விலை வாங்கப்பட்டது. வாங்கியவருள் எத்தனை பேர் உள்ளே உழைத்தோரை அறிந்திருப்பர்? முகம் எவருக்குச் சொந்தமோ அவருக்கே பயனாளருடனான உறவும் சொந்தமாகின்றது.

முகம் தன்னார்வலரின் கையில் இருந்தபோதும் வாசலைக் காப்பவர் வேறாக இருக்கலாம். 2023இல் டொல்பின், ஸ்ரீம் என்னும் விற்பனைத் தளத்தினூடாக வெளிவர முயன்றது. அத்தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் நின்டெண்டோவுடன் தொடர்புகொண்டபின், அம்முயற்சி கைவிடப்பட்டது. 2024 பெப்ரவரியில் நின்டெண்டோ, தனது ஸ்விச் பொறியை இயக்கும் யூசு எமியுலேற்றரை ஆக்கியோர்மீது வழக்குத் தொடுத்தது. மார்ச்சில் 24 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி யூசு நிறுத்தப்பட்டது. அதே குழுவினரின் சிற்ரா எமியுலேற்றரும் நின்றது. யூசுவின் மூலநிரல் திறந்ததாயினும், பணம் செலுத்துவோருக்குப் புதிய பதிப்புகள் முன்கூட்டி வழங்கப்பட்டன. சந்தையில் இருந்துகொண்டிருக்கும் பண்டமொன்றுக்கு எதிராக மற்றொரு பண்டமாக நின்றமையே அதன் பலவீனமாயிற்று. மறைந்துவரும் பொறிகளின் உழைப்பை மீட்பதற்கும், விற்பனையிலுள்ள பொறியோடு போட்டியிடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை முற்போக்காளரும் மறந்துவிடலாகாது.

7

இதுவரை நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். எமியுலேற்றரின் கருவை ஆக்கத் தனிமனிதரின் திறமை ஓரளவு போதுமாயிருந்தது. பொது முகத்தை ஆக்கவோ, அதற்கான உற்பத்திச் சாதனங்களே முதலிற் பொதுவுடைமையாக வேண்டியிருந்தது. கியூட்டின் உரிமத்துக்காக 1996 முதல் நடந்த போராட்டமும் 2018இல் டொல்பின் பெற்ற முகமும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். அவ்வரலாறு முடிந்துவிட்டதென்றும் கூறுவதற்கில்லை. கைபேசியில் டொல்பின் இன்றும் தனியான முகத்தோடே இயங்குகின்றது. அங்கு தளங்களின் உடைமையாளர் மேலும் வலிமை பெற்றுள்ளனர்.

ஊதியமற்ற உழைப்பைப் புனிதமாக்குவதும் நமது நோக்கமன்று. களைத்து விலகுவோரின் தொகை இவ்வுற்பத்தி முறையின் உள்முரண்பாட்டைக் காட்டுகின்றது. எனினும், தம் உழைப்பைப் பொதுவில் வைப்போர் அதன் முகத்தையும் பொதுவில் ஆக்காது விட்டால், அம்முகத்தைப் பிறர் ஆக்கிக்கொள்வர் என்பதைப் பிளேஸ்ரேஷன் கிளாசிக் தெளிவாக உணர்த்தியுள்ளது. உள்ளடக்கம் சரியாக இருந்தாற் போதும், உருவம் தானாக அமையும் என்று நம்மவருட் சிலர் ஒருகாலத்தில் நம்பினர். மக்களைச் சென்றடையும் வழியைப் பிறர் கையில் விட்டுவிட்டு, உள்ளடக்கத்தின் தூய்மையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதன் விலை யாது என்பதை இச்சிறு வரலாறு நமக்கும் கற்பிக்கின்றது.